குதிரையோட பைன் காட்டுல ரெண்டு ராத்திரி: எங்க, எப்படிக் கட்டறது?

கலைவாணி_சாண்ட்லர்

வணக்கங்க. அரிசோனாவுல பீனிக்ஸ் பக்கம் சாண்ட்லர்ல இருக்கேன், சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். நாலு வருசமா இங்க ஒரு லாயத்துல குதிரையைப் பாதி லீசுக்கு எடுத்து ஓட்டறேன். வாரத்துல மூணு நாள் எனக்கும் பொண்ணுக்கும், மிச்ச நாள் ஓனரம்மாவுக்கு. பதினாலு வயசு, குவாட்டர் ஹார்ஸ்ங்கற இனம், காயடிச்ச ஆண் குதிரை. செம்பழுப்பு நிறம், அதனால பொண்ணு வெச்ச பேரு செம்பா. ரொம்பச் சாதுங்க. பக்கத்துல லாரி ஹாரன் அடிச்சாலும் ஒரு காதை மட்டும் திருப்பிப் பாக்கும்.

செப்டம்பர் கடைசி வாரம் பிளாக்ஸ்டாஃப் பக்கம் கோகோனினோ தேசிய வனத்துல ரெண்டு ராத்திரி தங்கலாம்னு இருக்கோம். லாயத்துத் தோழி ஒருத்தி டிரெய்லர் வெச்சிருக்கா, அவ குதிரையும் வரும். அவ பகல் சவாரிக்குப் பல தடவை அங்க போயிருக்கா. ராத்திரி குதிரையோட தங்கினது ரெண்டு பேருமே கிடையாது.

மே மாசம் நானும் பொண்ணும் கூடாரம் மட்டும் போட்டு அங்க ஒரு ராத்திரி இருந்தோம். பைன் ஊசிக்குள்ள காத்து போற சத்தம் தவிர ஒண்ணும் கேக்கலை. பெரிய மரத்துப் பட்டையில மூக்கை வெச்சா வெனிலா வாசனை அடிக்கும்னு யாரோ சொல்லி, பொண்ணு ஒவ்வொரு மரமா மோந்து பாத்துட்டே திரிஞ்சா. அப்பவே மனசுல விழுந்துடுச்சு, இங்க காலையில செம்பா முகத்துல முழிக்கணும்னு.

இப்பத் தெரிஞ்சுக்க வேண்டியது: ராத்திரி எங்க கட்டறது? டிரெய்லர்லயே கட்டிடலாம்னு தோழி சொல்றா. மரத்துல கட்டினா இடம் தாராளமா இருக்குமேன்னு எனக்குத் தோணுது. தண்ணி எவ்வளவு வேணும், அங்க ஓடை கீடை இருக்கா? லாயத்துல திங்கற அதே புல்லைக் கொண்டு போகலாமா? கரடிக்குப் பயப்படணுமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

---

பழனிக்காரன்_பிளாக்ஸ்டாஃப்

கலைவாணிம்மா, நான் பிளாக்ஸ்டாஃப்லயே பதினோரு வருசமா இருக்கேன். ரெண்டு குதிரை. வருசத்துக்கு நாலஞ்சு தடவை காட்டுல தங்கறேன். தாத்தா பழனியில ஜட்கா ஓட்டினவர். அவர் குதிரையை எப்பவுமே குட்டையாத்தான் கட்டுவார். ஏன்னு நான் கேட்டதே இல்லை. கேட்டிருக்கணும்னு பின்னால புரிஞ்சது.

முதல்ல கேட்டீங்களே, எங்க கட்டறதுன்னு, அதுல தப்பு பண்ணிட்டா மத்தது அத்தனையும் சரியா இருந்தும் பிரயோஜனம் இல்லை. என் கதையைச் சொல்றேன், கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

முதல் தடவை ஒரு பெட்டைக் குதிரையோட தனியாப் போனேன். ராத்திரி நல்லா மேயட்டும், படுக்கணும்னா படுக்கட்டும்னு ஒரு பைன் மரத்துல இடுப்பு உயரத்துல கட்டி, கயிறை எட்டடி நீளம் விட்டேன். இரக்கப்பட்டுத்தான் விட்டேன். ராத்திரி ரெண்டு மணி இருக்கும், தரையில யாரோ உலக்கை போடற மாதிரி சத்தம். டார்ச் அடிச்சா, முன்னங்கால் கயிறைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருக்கு. கயிறு குளம்புக்கு மேல, அந்தப் பள்ளத்துல மாட்டிக்கிச்சு. தலையைத் தூக்கினா கால் இழுபடுது, காலை இழுத்தா தலை கீழ போகுது. மரத்தைச் சுத்தி ரெண்டு சுத்து வேற சுத்தியிருக்கா. உருவாஞ்சுருக்குப் போட்டுக் கட்டினதுதான், ஆனா அவ்வளவு இழுத்தபிறகு எந்தச் சுருக்கும் உருவ வராது. கத்தியால அறுத்தேன். கயிறு அறுந்ததும் ஓடுவான்னு நினைச்சேன், ஓடலை. நின்ன இடத்துலயே உடம்பு பூரா நடுங்கினா. கழுத்து நனைஞ்சு கிடந்துச்சு. அந்தக் குளிர்ல வேர்வை. குளம்புக்கு மேல தோல் ஒரு விரல் அகலத்துக்கு உரிஞ்சு வெள்ளையாத் தெரிஞ்சுது. ஆற ஆறு வாரம் ஆச்சு. இன்னமும் அந்த இடத்துல முடி வெள்ளையாத்தான் முளைக்குது.

காடு நமக்குத்தான் அமைதி. அந்தக் குதிரைக்கு அது தெரியாத இடம், இருட்டு, கூட்டம் இல்லை. எது அசைஞ்சாலும் ஓடணும்னுதான் அதுக்குப் பொறந்ததுல இருந்து தெரியும். ஓட முடியாதபடி நாம கட்டிப்போட்டிருக்கோம். அதனால கட்டற விதம், அது பயந்து துள்ளினாலும் காயம் படாத விதமா இருக்கணும்.

இங்க எல்லாரும் ஹைலைன்னு சொல்றதை நீங்க கத்துக்கங்க. ரெண்டு மரத்துக்கு நடுவுல, குதிரை தலைக்கு மேல கயிறு. தரையில இருந்து ஏழடிக்குக் குறையக் கூடாது, எட்டடி இருந்தா நல்லது. நான் டிரக் மேல ஏறி நின்னுதான் கட்டறேன். நைலான் வேண்டாம், ராத்திரி பூரா இழுபட்டுத் தொய்ஞ்சு போகும். பாலியெஸ்டர் கயிறு, அரை இஞ்சு தடிமன். லாரியில பாரம் கட்டற மாதிரி முறுக்கி இழுத்துக் கட்டுங்க. மரத்துல கயிறை நேராச் சுத்தாதீங்க, பட்டையை அறுத்துடும். ரெண்டு இஞ்சு அகலத்துல நாடா விக்கிறாங்க, டிரீ சேவர்னு கேளுங்க, அதை மரத்துல சுத்தி அதுல கயிறை மாட்டணும்.

குதிரையோட லீட் கயிறு, அதாவது தலைக்கயிறுல மாட்டிப் பிடிச்சு நடத்தற கயிறு, மேல இருந்து தொங்கணும். அளவு எவ்வளவுன்னா, தலையைக் குனிஞ்சா மூக்கு தரையைத் தொடணும், தரையில போட்ட புல்லை எடுக்கணும், அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு சாண் நீளம் விட்டாலும் காலை விட்டுடும். எங்க தாத்தா குட்டையாக் கட்டினதுக்கும் இதுதான் காரணம். மேல் கயிறுல லீட் மாட்டற இடத்துல சுழல்ற கொக்கி இருக்கணும், இல்லைன்னா விடியறதுக்குள்ள கயிறு முறுக்கிக்கிட்டுப் பாதியாக் குறைஞ்சிடும். மாட்டின இடம் நழுவி மரத்துக்கிட்ட போகாதபடி முடிச்சுப் போட்டு நிறுத்துங்க. மரத்துக்கும் குதிரைக்கும் ஆறடி, குதிரைக்கும் குதிரைக்கும் பத்துப் பன்னெண்டு அடி. ரெண்டு குதிரைக்கு முப்பதடி தள்ளி நிக்கற ரெண்டு மரம் பாருங்க.

மரத்தைப் பாக்கும்போது மேலயும் பாருங்க. இந்தக் காட்டுல பட்டை வண்டு அரிச்சு நின்னபடியே செத்த பைன் நிறைய இருக்கு. ஊசியெல்லாம் செம்பட்டையா மாறியிருந்தா அது செத்த மரம், கிட்டவே போகாதீங்க. கூடாரத்துக்கும் இதே விதிதான்.

மரத்து அடியில நேராக் கட்டாம இருக்கறதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சலிச்சுப் போன குதிரை முன்னங்காலால தரையைத் தோண்டும். பைன் ஊசி மெத்தையைத் தள்ளிட்டு வேரைத் தோண்டிடும். முன்னூறு வருச மரம் ஒரு ராத்திரியில வேர் அறுந்து நிக்கறதைப் பாத்திருக்கேன். மனசு கேக்கலை. கிளம்பறப்ப லத்தியைக் காலால தள்ளிப் பரப்பி விட்டு, தோண்டின குழியை மூடி, ஊசியைத் திரும்பப் பரப்புங்க. அடுத்து வர்றவங்களுக்குக் குதிரை நின்ன இடம்னு தெரியக் கூடாது.

டிரெய்லர்ல பல பேர் கட்டறாங்க, இல்லைன்னு சொல்லலை. ஆனா மட்கார்டு அடியில கால் போறது, தாழ்ப்பாள்ல தலைக்கயிறு மாட்டறது ரெண்டையும் கண்ணால பாத்திருக்கேன்.

இன்னொண்ணு, நீங்க போற மாசம். செப்டம்பர் எல்க் மானுக்கு இணை சேர்ற காலம். ஆண் எல்க் ராத்திரி பூரா கூவும். மான் சத்தம்னு நினைச்சுக்காதீங்க, யாரோ துருப்பிடிச்ச கேட்டை இழுத்து, கடைசியில விசில் அடிக்கற மாதிரி இருக்கும். இருபது முப்பது எல்க் கூட்டமாக் கூடாரத்துப் பக்கமா ஓடும். லாரி ஹாரனுக்கு அசையாத உங்க செம்பா இதுக்கு என்ன பண்ணும்னு யாருக்கும் தெரியாது. ஹைலைன் வேணும்னு நான் இவ்வளவு அழுத்திச் சொல்றது அதுக்குத்தான். அதே மாசம் வில் வேட்டைக்காரங்களும் காட்டுல இருப்பாங்க. சவாரி போறப்ப நீங்களும் பொண்ணும் ஆரஞ்சு சட்டை போடுங்க, சேணத்துலயும் ஒரு ஆரஞ்சுத் துணி கட்டுங்க.

தண்ணி: இந்த மேட்டுநிலம் காட்டைப் பாத்தா ஈரமா இருக்கற மாதிரி தெரியும், ஆனா எரிமலைக் கல்லும் சுண்ணாம்புக் கல்லும். பெய்யற மழையெல்லாம் உள்ள இறங்கிடும். ஓடையை நம்பாதீங்க. மாட்டுக்கு வெட்டின குட்டைகள் இருக்கு, மேப்ல டேங்க்னு போட்டிருக்கும், செப்டம்பர்ல பாதி சேறு. ஒரு குதிரைக்கு நாளைக்கு நாப்பது லிட்டர்னு கணக்குப் போட்டு வீட்டுல இருந்தே கொண்டு வாங்க. குட்டைக்கிட்டக் கூடாரமும் போடாதீங்க. காட்டு மிருகத்துக்கும் மாட்டுக்கும் வேற தண்ணி இல்லாத இடத்துல, அதுல இருந்து கால் மைல் தள்ளித்தான் தங்கணும்னு அரிசோனாவுல சட்டமே இருக்கு. நாம பக்கத்துல உக்காந்தா அதுங்க தாகத்தோட திரும்பிப் போகும்.

புல்லு அதேதான் கொண்டு வரணும், புதுசா எதையும் தராதீங்க, வயித்து வலி வந்துடும். உங்க லாயத்துல அனேகமா பெர்முடா புல் போடுவாங்க. அது வேற ஒண்ணும் இல்லை, நம்ம அருகம்புல்தான். பிள்ளையாருக்குப் போடற அதே புல்லு இங்க கட்டுக் கட்டா குதிரைக்கு வருது. நான் முதல் தடவை கட்டைப் பிரிச்சப்ப அந்த வாசனையில ஊருக்கே போயிட்டேன். ஆனா களை விதை கலக்காத புல்லுன்னு சான்று வாங்கினதுதான் பல தேசிய வனங்கள்ல கட்டாயம். விதை லத்தியில வெளிய வந்து காட்டுல முளைச்சுடும். கிளம்பறதுக்கு முன்னாடி ரேஞ்சர் ஆபீஸுக்கு ஒரு போன் போட்டு இதையும், நெருப்பு மூட்ட அனுமதி இருக்கான்னும் கேட்டுடுங்க. எந்த ரோட்டுல வண்டி இறக்கி ஓரமாத் தங்கலாம்னு ஒரு மேப் இலவசமாத் தருவாங்க, அதையும் வாங்கிக்கங்க.

நெருப்பைப் பத்தி ஒரு வார்த்தை. 2010 ஜூன்ல யாரோ அணைக்காம விட்டுப் போன ஒரு கேம்ப் நெருப்பு, இங்க பிளாக்ஸ்டாஃப் கிட்ட ஷுல்ட்ஸ் கணவாய்ப் பக்கம் 15,000 ஏக்கர் காட்டை எரிச்சுது. அடுத்த மாசமே மழை வந்து, மரம் இல்லாத சரிவுல வெள்ளம் இறங்கி, கீழ இருந்த வீடுகளுக்குள்ள புகுந்துது. ஒரு சின்னப் பொண்ணு அந்த வெள்ளத்துல போயிட்டா. நான் அந்த வழியா சவாரி போறப்ப எல்லாம் ரெண்டு பக்கமும் கரிக்கட்டையா நிக்கற மரங்களைப் பாத்துட்டே போவேன். நெருப்பு மூட்டினா தண்ணி ஊத்தி, கிளறி, மறுபடி ஊத்தி, கையை வெச்சுப் பாத்துட்டுத்தான் தூங்கணும்.

கரடி இருக்கு, கருப்புக் கரடி. குதிரைத் தீவனமும் அதுக்கு வாசனைதான். தானியத்தை டிரெய்லருக்குள்ள பூட்டி வைங்க, கூடாரத்துல வேண்டாம்.

கடைசியா, இதையெல்லாம் காட்டுல போய் முதல் தடவை செய்யாதீங்க. லாயத்துலயே ரெண்டு கம்பத்துக்கு நடுவுல ஹைலைன் கட்டி, செம்பாவை முதல்ல ஒரு மணி நேரம், அப்புறம் நாலு மணி நேரம், அப்புறம் ஒரு முழு ராத்திரி நிறுத்துங்க. பக்கத்துல நாற்காலி போட்டு நீங்களும் உக்காருங்க.

---

ரேவதி_டென்வர்

நான் டென்வர் பக்கம் ஒரு குதிரை ஆஸ்பத்திரியில டெக்னீஷியனா இருக்கேன். அண்ணா கட்டறதைப் பத்திச் சொன்னதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணும் இல்லை. உடம்பைப் பத்தி மட்டும்.

அக்கா, சாண்ட்லர் கிட்டத்தட்ட 370 மீட்டர் உயரம், பிளாக்ஸ்டாஃப் 2,100 மீட்டர். நீங்க மூணு மணி நேரத்துல ஏறிடுவீங்க. முதல் நாள் சவாரியே வேண்டாம். கயிறு பிடிச்சு நடத்திக் கூட்டிட்டுப் போங்க, போதும். பீனிக்ஸ் வெயில்ல இருக்கற குதிரைக்கு உடம்பு முடி வழுவழுன்னு இருக்கும். மேல ராத்திரி நாலஞ்சு டிகிரிக்கு இறங்கும். ஒரு போர்வை எடுத்துக்கங்க, மழைக்கும் தாங்கறதாப் பாத்து.

தெரியாத ஊர்த் தண்ணியைக் குதிரை மோந்து பாத்துட்டுக் குடிக்காம நிக்கும். எங்ககிட்ட வயித்து வலின்னு வர்ற பல குதிரைங்க இப்படிக் குடிக்காம நின்னதுங்கதான். வீட்டுத் தண்ணியையே கொண்டு போறது அதனாலயும் நல்லது. பத்தலைன்னா வெளியத் தண்ணியில கொஞ்சம் ஆப்பிள் ஜூஸ் கலக்கலாம், ஆனா ஒரு வாரம் முன்னாடியே வீட்டுல அந்த ருசிக்குப் பழக்கிடணும். புல்லை ராத்திரிக்கும் தண்ணியில நனைச்சுப் போடுங்க.

அது எப்பவும் எப்படி இருக்கும்னு இப்பவே எழுதி வெச்சுக்கங்க. சும்மா நிக்கறப்ப நிமிசத்துக்கு 28ல இருந்து 44 வரைக்கும் இதயம் அடிக்கும், மூச்சு 8ல இருந்து 16. தாடை எலும்புக்கு அடியில விரலை வெச்சா நாடி கிடைக்கும், பொண்ணுக்கும் சொல்லிக் குடுங்க. ஈறை விரலால அமுக்கிட்டு விட்டா ரெண்டு செகண்டுக்குள்ள ரோஸ் நிறம் திரும்பணும். விலாவுக்குப் பின்னால காதை வெச்சா குடல் கடமுடான்னு சத்தம் போடணும். சத்தமே இல்லை, புல்லைத் தொடலை, திரும்பித் திரும்பித் தன் வயித்தையே பாக்குதுன்னா உடனே டாக்டரைக் கூப்பிடுங்க. காலையில ஆகட்டும்னு இருக்காதீங்க. அங்க போன் சிக்னல் எங்க கிடைக்கும்னு பகல்லயே நடந்து பாத்து வைங்க. பிளாக்ஸ்டாஃப்ல ராத்திரி வர்ற குதிரை டாக்டர் நம்பரைக் கிளம்பறதுக்கு முன்னாடியே பேப்பர்ல எழுதி வைங்க.

குதிரை உங்களது இல்லை, லீசு. ஓனரம்மா கையெழுத்துப் போட்ட அனுமதிக் கடிதம் எடுத்துக்கங்க. அதுல, அவசரம்னா எவ்வளவு செலவு வரைக்கும் வைத்தியம் பாக்கலாம்னும் எழுதி வாங்குங்க. ராத்திரி மூணு மணிக்கு ஓனருக்குப் போன் கிடைக்காம, டாக்டர் ஊசியைக் கையில வெச்சுக்கிட்டு நின்னதை நான் பாத்திருக்கேன்.

---

கலைவாணி_சாண்ட்லர்

அண்ணா, உங்க பெட்டைக் குதிரை கதையைப் படிச்சுட்டு ராத்திரி தூக்கம் வரலை. நானும் அப்படித்தான் கட்டியிருப்பேன், நீளமா விட்டு, அதுக்கு நல்லதுன்னு நினைச்சு. ரேவதி, கடிதம் யோசனைக்கு நன்றிம்மா. ஓனரம்மா உடனே எழுதிக் குடுத்துட்டாங்க.

ஒரு சந்தேகம். நேத்து லாயத்துல ஹைலைன் கட்டிப் பாத்தோம். ஒன்றரை மணி நேரம் சும்மா நின்னுது, அப்புறம் தோண்ட ஆரம்பிச்சுது. நிறுத்தாமத் தோண்டுச்சு. அவுத்து விடணுமா?

---

பழனிக்காரன்_பிளாக்ஸ்டாஃப்

தோண்டறப்ப அவுக்காதீங்க. அவுத்தா, தோண்டினா அவுப்பாங்கன்னு கத்துக்கும். தோண்டறதை நிறுத்தி, அமைதியா நிக்கற அந்த நிமிசத்துல போய் அவுங்க. அது அஞ்சு நிமிசமோ ஒரு மணி நேரமோ, காத்திருங்க. புல்லை ஒரே குவியலாப் போடாம வலையில அடைச்சுத் தொங்க விடுங்க, மெதுவாத் திங்கும். வலையைத் தாழத் தொங்கவிட்டா அதுலயும் கால் போகும், நெஞ்சு உயரத்துக்கு மேல இருக்கட்டும். தோழியோட குதிரையையும் பக்கத்துல நிறுத்திப் பழக்குங்க.

---

கலைவாணி_சாண்ட்லர்

போயிட்டு வந்துட்டோம்ங்க. நடந்ததை எழுதினாத்தான் முழுசாகும்.

லாயத்துல ஆறு தடவை பழக்கினோம். கடைசியா ஒரு முழு ராத்திரி. நான் நாற்காலியில, பொண்ணு வண்டியில.

காட்டுல முதல் ராத்திரி சுலபமா இல்லை. எல்க் ஒன்பது மணிக்கே ஆரம்பிச்சுது. அண்ணா சொன்ன துருப்பிடிச்ச கேட் சத்தமேதான். முதல் கூவலுக்குச் செம்பா தலையை நிமித்தி, மூக்கு ஓட்டை ரெண்டும் விரிய, உடம்பெல்லாம் கல்லு மாதிரி ஆயிடுச்சு. அடுத்தது கிட்டத்துல கேட்டப்ப ஒரு துள்ளு துள்ளுச்சு பாருங்க, மேல் கயிறு டங்குன்னு அதிர்ந்துது. ஆனா கயிறு தலைக்கு மேல இருந்ததால எதுலயும் மாட்டலை. ஒரு சுத்து சுத்தி நின்னுடுச்சு. கால்ல கயிறு இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு அந்த நேரத்துல நினைச்சுப் பாத்தேன். கை நடுங்குச்சு.

தோழி குதிரை இதுக்கெல்லாம் அசரலை. மென்னுக்கிட்டே இருந்துது. அதைப் பாத்துப் பாத்துத்தான் செம்பா அடங்குச்சு. பொண்ணு நாடி பாத்தா: 56, அப்புறம் 48, பதினோரு மணிக்கு 40. நோட்டுல எழுதி வெச்சிருக்கா.

தண்ணி கொண்டு போனதுல பாதிக்கு மேல குடிச்சுது. வீட்டுத் தண்ணிங்கறதால மோந்துகூடப் பாக்கலை.

ரெண்டாவது ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துது. எது எழுப்புச்சுன்னு யோசிச்சா, மெல்ற சத்தம் நின்னுபோயிருக்கு. பயந்து வெளிய வந்தேன். நிலா வெளிச்சம் ஊசி மேல விழுந்து தரையெல்லாம் வெள்ளி மாதிரி. செம்பா தலையைத் தொங்கவிட்டு நின்னுட்டிருந்துது. பின்னங்கால் ஒண்ணைத் தளர விட்டு, குளம்பு நுனி மட்டும் தரையில. கீழ் உதடு தொங்கிப் போயிருந்துது. ரேவதி சொன்ன மாதிரி விலாவுக்குப் பின்னால காதை வெச்சேன், உள்ள கடமுடான்னு ஓடுது. அது கண்ணைக்கூடத் திறக்கலை. நான் அப்படியே கழுத்துல சாஞ்சு கொஞ்ச நேரம் நின்னேன். வெதுவெதுன்னு இருந்துது.

கிளம்பறப்ப லத்தியைப் பரப்பி, குழி மூடி, ஊசி தள்ளினோம். நாடாவை அவுத்தபிறகு மரத்துல ஒரு கோடுகூட இல்லைங்கண்ணா. ஒரு விசயம் மட்டும் கேக்கணும்: எரிமலைக் கல்லு ரோட்டுல நடந்ததுல முன் வலது லாடம் ஆடுது. அடுத்த தடவைக்குக் குளம்புல மாட்டற ரப்பர் பூட்ஸ் வாங்கலாமான்னு பாக்கறேன். யாராவது போட்டுப் பாத்திருக்கீங்களா?